டைவ் கம்ப்யூட்டர் இல்லை, லேப்டாப் இருக்கிறது: இறங்கலாமா?

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலை. போன வருடம் அந்தமானின் ஹாவ்லாக் தீவில் ஓபன் வாட்டர் என்ற முதல் நிலை டைவிங் பயிற்சியை முடித்தேன். பிறகு புதுச்சேரியில் சில டைவ்கள். சொந்தமாக டைவ் கம்ப்யூட்டர் (டைவ் செய்யும்போதே கணக்குப் போடும் கருவி) இல்லை, இந்த வருடம் வாங்கும் நிலையிலும் இல்லை. வாடகை செட்டில் வரும் பிரஷர் கேஜ், டெப்த் கேஜ், கையில் ஒரு பழைய வாட்ச், இவ்வளவுதான். சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, பழைய டைவ்களைக் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதிலேயே டைவுக்குத் திட்டம் போடும் பிளானரும் இருக்கிறது. பிப்ரவரியில் மறுபடி ஹாவ்லாக், மூன்று நாள், தினம் இரண்டு மூன்று டைவ். அந்த பிளானரை வைத்துத் திட்டம் போட்டு இறங்கலாமா? எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று வகுப்பில் தந்த அட்டவணையைவிட அது அதிக நேரம் தருகிறதே, எதை நம்புவது? பின்னொரு நாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கும் இதிலேயே திட்டம் போட முடியுமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பதில், அப்புறம் விளக்கம். பதிவு செய்யத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். திட்டம் போடவும் பயன்படுத்தலாம், ஆனால் 18 மீட்டருக்குள், அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மூன்று நாள் தொடர்ந்து இறங்கப் போகிறீர்கள் என்பதால், வாடகைக்காவது ஒரு கம்ப்யூட்டர் எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஹெர்மிஸுக்குக் கடைசியில் வருகிறேன்.

மென்பொருள் தேர்வில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு டைவர். லினக்ஸில் ஓடும் உருப்படியான டைவ் பதிவு மென்பொருள் இல்லையே என்று 2011இல் அவரே எழுத ஆரம்பித்ததுதான் சப்சர்ஃபேஸ். பிறகு டிர்க் ஹோன்டெல் பொறுப்பேற்று வளர்த்தார். விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும், கைபேசிப் பதிப்பும் உண்டு. எக்செலில் பழைய கணக்கு வைத்திருந்தால் அதைச் சிஎஸ்வி கோப்பாக மாற்றி உள்ளே இழுத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை.

இனி விஷயம். ஒரு டைவ் கம்ப்யூட்டருக்குள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள்: அழுத்தத்தை உணரும் சென்சார், கடிகாரம், கணக்குப் போடும் நிரல். சில நொடிக்கு ஒரு முறை ஆழத்தைப் படித்து, உடம்பில் நைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கும் என்று புதிதாகக் கணக்குப் போடுகிறது. ஒரு திருக்கை மீனைப் பார்க்க நீங்கள் இரண்டு மீட்டர் கூடுதலாக இறங்கினால் அதற்குத் தெரிந்துவிடும். சப்சர்ஃபேஸில் இருப்பது மூன்றாவது ஆள் மட்டும். சென்சாரும் கடிகாரமும் நீங்கள்தான். லேப்டாப்பில் இருக்கும் திட்டத்தைக் காட்டி, நான் தண்ணீருக்குள் இப்படித்தான் இருந்தேன் என்று சொல்வது, ரயில்வே கால அட்டவணையைப் பார்த்து வண்டி இப்போது எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று சொல்வது மாதிரி. வண்டி பெரும்பாலும் அங்கே இருக்கலாம். இல்லாத நாளில்தான் பிரச்சினை.

அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன் கையில் இருக்கும் கருவிகளைப் பார்ப்போம். வாடகை செட்டில் வரும் முள் வைத்த டெப்த் கேஜில் இரண்டு முள் இருக்கும். ஒன்று இப்போதைய ஆழத்தைக் காட்டும். இன்னொன்று, பெரும்பாலும் சிவப்பு, நீங்கள் தொட்ட அதிகபட்ச ஆழத்திலேயே நின்றுவிடும். அதை ஒவ்வொரு டைவுக்கு முன்னும் கையால் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும். முந்தின நாள் வேறு யாரோ 26 மீட்டர் போன முள்ளை அப்படியே விட்டு இறங்கினால், மேலே வந்து நீங்கள் பதிவு செய்வது அவருடைய டைவை. படகிலேயே திருப்பிவிடுங்கள். அதோடு, கைடின் கம்ப்யூட்டர் 5 மீட்டர் காட்டும்போது உங்கள் கேஜ் என்ன காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை கேஜ்கள் அடி வாங்கிப் பழகியவை. ஒரு மீட்டர் குறைவாகக் காட்டினால் அந்த ஒரு மீட்டரைப் பயணம் முழுக்கக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தவறு காட்டினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வாட்ச் விஷயம். பின்பக்கம் '50 மீட்டர்' என்று பொறித்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு 18 மீட்டர் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. அது நிலையான அழுத்தத்தில் செய்த சோதனையின் எண். கை வீசுவதும், படகிலிருந்து குதிப்பதும், உப்பும் அதில் சேராது. சாதாரண ஸ்மார்ட் வாட்ச்களில் பலவும் இந்த வகைதான். 200 மீட்டர் என்று போட்ட எளிய டிஜிட்டல் வாட்ச், அல்லது வளையம் திருகும் டைவ் வாட்ச் போதும். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதீர்கள், பல வாட்ச்களில் தண்ணீர் புகுவது அந்த வழியாகத்தான். ஸ்டாப்வாட்ச்சை மேற்பரப்பிலேயே ஓட விட்டுவிட்டு இறங்குங்கள், இல்லையென்றால் மணியைப் பார்த்து ஸ்லேட்டில் (தண்ணீருக்குள் எழுதும் சிறு பலகை) எழுதுங்கள்.

ஸ்லேட் கட்டாயம். இறங்க ஆரம்பித்த நேரம், அப்போதைய பிரஷர், அதிகபட்ச ஆழம், மேலேற ஆரம்பித்த நேரம், மேற்பரப்புக்கு வந்த நேரம், அப்போதைய பிரஷர். இதில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது நான்காவதை. அட்டவணை கேட்கும் பாட்டம் டைம், இறங்க ஆரம்பித்ததிலிருந்து கடைசியாக மேலேற ஆரம்பிக்கும் வரை. சப்சர்ஃபேஸ் கேட்கும் டைவ் நேரம், இறங்கியதிலிருந்து தலை வெளியே வரும் வரை. இரண்டுக்கும் நடுவில் சேஃப்டி ஸ்டாப்போடு (மேலே வரும் வழியில் 5 மீட்டரில் சற்று நிற்பது) சேர்த்து ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால், ஒரு பக்கம் கணக்கு வீணாக இறுகும், மறுபக்கம் ஆபத்தாகத் தளரும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: பிளானர் ஏன் அதிக நேரம் தருகிறது? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யூகிக்கிறேன். முதலில் 18 மீட்டர், பத்து நிமிடத்தில் 14, பிறகு 10 என்று படிப்படியாக ஒரு கோடு வரைந்திருப்பீர்கள். அட்டவணைக்கு அந்தப் படிகள் தெரியாது. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் 1988ஆம் வருட அட்டவணைதான் உங்கள் வகுப்பில் தந்திருப்பார்கள். அது முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக வைத்துக் கணக்குப் போடும். 18 மீட்டருக்கு 56 நிமிடம், 20 மீட்டருக்கு 45, 22க்கு 37, 30க்கு 20. வரிசைகளுக்கு நடுவில் விழும் ஆழத்தை அடுத்த ஆழமான வரிசைக்குத் தள்ள வேண்டும், 18.4 மீட்டர் தொட்டால் அது 20 மீட்டர் டைவ். சிவப்பு முள் அரை மீட்டர் தள்ளி நின்றதற்குப் பதினோரு நிமிடம் பறிபோகிறது.

இது கஞ்சத்தனம் போலத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் இல்லாத டைவருக்கு அந்தக் கஞ்சத்தனம்தான் காவல். பிளானர் தந்த கூடுதல் நேரம் பொய்யில்லை. நீங்கள் வரைந்த கோட்டிலேயே இம்மி பிசகாமல் நீந்தினால் அது உண்மை. பத்தாவது நிமிடம் 14 மீட்டருக்கு ஏறிவிட்டீர்களா என்று தண்ணீருக்குள் யார் பார்க்கிறார்கள்? ஆமை அடியில் போனால் கைடும் அடியில் போவார், நீங்களும் பின்னால் போவீர்கள். பல ஆழ டைவைக் கம்ப்யூட்டர் இல்லாமல் திட்டமிடவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். பாடியே ஒரு காலத்தில் அதற்காக 'தி வீல்' என்று வட்டத் தட்டு ஒன்றை விற்றது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள் ஒவ்வொரு படியிலும் நேரத்தையும் ஆழத்தையும் பார்த்துப் பார்த்து ஏறியவர்கள். உங்களைப் போல ஒரே ஆழத்தில் மிதந்து நிற்பதையே இன்னும் சரிப்படுத்திக்கொண்டிருக்கும் டைவருக்கு அது அதிக வேலை. ஆகவே உங்களுக்கு என் தீர்ப்பு: அட்டவணையையும் பிளானரையும் இரண்டையும் பாருங்கள், எது குறைவோ அதை எடுங்கள். பிளானரில் போடும்போதும் முழு நேரமும் ஒரே ஆழம் என்றே போடுங்கள்.

பிளானரில் மூன்று முறைகள் இருக்கும்: ரிக்ரியேஷனல், புல்மான், விபிஎம்-பி. உங்களுக்கு முதலாவது போதும். ஆழத்தைச் சொன்னால், நோ-டெக் நேரத்தையும் (உடம்பில் ஏறிய நைட்ரஜனுக்காக வழியில் நிற்காமல் நேராக மேலே வரக்கூடிய நேரம்), மிச்சம் வைக்க வேண்டிய காற்றையும் சேர்த்துப் பார்த்து, எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும். அடியில் ஓடுவது சூரிக்கில் புல்மான் என்ற மருத்துவர் உருவாக்கிய கணக்குதான். கிரேடியன்ட் ஃபேக்டர் என்று இரண்டு எண்கள் கேட்கும், கணக்கு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்பவை அவை, எண் குறைந்தால் நேரமும் குறையும். வழியில் நிற்காமல் நேராக மேலே வரும் டைவில் இரண்டாவது எண்தான் வேலை செய்கிறது. அதை 85க்கு மேல் ஏற்றாதீர்கள், 75 வைத்தாலும் தப்பில்லை. நிமிடம் பத்தவில்லை என்று அந்த எண்ணைத் தட்டி உயர்த்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு ஒத்துக்கொள்ளும். உடம்பும் ஒத்துக்கொள்ளும் என்று எந்த நிரலும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

அட்டவணையைவிட பிளானர் நேர்மையாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடி அட்டவணை ஆறு மணி நேரம் வெளியே இருந்தால் உங்களைப் புது ஆளாகவே எடுத்துக்கொள்ளும், நேற்றைய மூன்று டைவ் அதற்கு நினைவிருக்காது. புல்மான் கணக்கில் உடம்பு 16 கற்பனைத் திசுக்கள், அதில் மிக மெதுவானதற்குப் பாதி நைட்ரஜன் வெளியேறவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் மூன்றாம் நாள் காலையில் நீங்கள் கொஞ்சம் மிச்சத்தோடுதான் இறங்குகிறீர்கள் என்று பிளானருக்குத் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை: முந்தின டைவ்கள் பதிவில் இருக்க வேண்டும், தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். இப்போது முடித்த டைவைப் பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டு பிளானரைத் திறந்து, அடுத்த டைவின் தொடக்க நேரத்தைச் சரியாகக் கொடுங்கள். காலை 9 மணி டைவை இரவு 9 என்று பதிந்துவிட்டால், அது உங்களை முதல் டைவுக்கு இறங்குகிறவராக நினைத்து நிமிடங்களை வாரி வழங்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, கையால் பதிவு செய்கிற பலரும் இதில்தான் விழுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சப்சர்ஃபேஸில் ஒரு டைவைக் கையால் சேர்த்தால், ஒரு மாதிரி வரைபடம் தரும். அதன் புள்ளிகளை இழுத்து, இங்கே 16 மீட்டர், அங்கே 11 என்று ஞாபகத்திலிருந்து வடிவம் கொடுக்கிறீர்கள். அந்த வடிவத்திலிருந்து சராசரி ஆழம் பிறக்கிறது. சராசரி ஆழத்திலிருந்து, நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறீர்கள் என்ற எண் பிறக்கிறது. திரையில் எல்லாம் தசமப் புள்ளியோடு, வண்ண வண்ணமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மூலம் உங்கள் ஞாபகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் டைவ் கடைகளில் பரவலாகக் கிடைப்பது 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 45 நிமிடம், அதிகபட்சம் 17 மீட்டர், 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) இறங்கி 60 பாரில் வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவான காற்று 140 பார், அதாவது சுமார் 1,554 லிட்டர். நிமிடத்துக்கு 34.5. சராசரி ஆழம் 12 மீட்டர் என்றால் அங்கே அழுத்தம் 2.2 பார், அதனால் வகுத்தால் மேற்பரப்பில் நிமிடத்துக்கு நீங்கள் இழுக்கும் அளவு 15.7 லிட்டர். சராசரி 10 மீட்டர் என்று வரைந்திருந்தால் 17.3. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முழு டைவையும் 17 மீட்டரில் பெட்டி மாதிரி வரைந்திருந்தால் 12.8.

அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். நைட்ரஜனுக்குப் பாதுகாப்பான பதிவு, காற்றுக்கு ஆபத்தான பதிவாகிவிட்டது. 12.8 லிட்டர் என்று நம்பி 18 மீட்டருக்குத் திட்டம் போட்டால், 50 பார் மிச்சம் வைத்தும் 46 நிமிடம் இருக்கலாம் என்று வரும். உண்மையில் நீங்கள் 15.7 ஆள் என்றால் 38 நிமிடத்தில் அந்த 50 பாரைத் தொட்டிருப்பீர்கள், அதுவும் மேலேறும்போது செலவாகும் காற்றைச் சேர்க்காமல். நைட்ரஜன் கணக்குக்கு ஆழத்தைக் கூட்டிப் பிடிக்க வேண்டும், காற்றுக் கணக்குக்குச் சராசரி ஆழத்தைக் குறைத்துப் பிடிக்க வேண்டும். ஒரே வரைபடம் இரண்டு வேலையையும் செய்யாது.

நான் சொல்லும் வழி இது. இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் நிரந்தரப் பதிவு: ஞாபகத்தில் இருக்கும் வடிவம், மீன், பவளம், படம், எல்லாம் அதில். இன்னொன்று இந்தப் பயணத்துக்கு மட்டும்: அதில் ஒவ்வொரு டைவும் அதிகபட்ச ஆழத்தில் முழு நேரமும் இருந்த பெட்டி. அடுத்த டைவுக்கு நோ-டெக் நேரம் பார்ப்பது இரண்டாவது கோப்பில் மட்டும். ஊர் திரும்பியதும் அதை அழித்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பெட்டிக் கோப்பு காட்டும் காற்றுச் செலவு எண்ணைத் தொடவே கூடாது.

காற்றுக்கு ஞாபகத்தை நம்பாமல் நேரடியாக அளந்துவிடலாம். கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு டைவில் 10 மீட்டரில் பத்து நிமிடம் அதே ஆழத்தில் சாதாரணமாக நீந்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பிரஷரை எழுதுங்கள். 30 பார் இறங்கியிருந்தால் 333 லிட்டர், நிமிடத்துக்கு 33.3, அங்கே அழுத்தம் 2 பார் என்பதால் உங்கள் அளவு 16.7. கேஜில் 5 பார் துல்லியத்துக்கு மேல் படிக்க முடியாது என்பதால் இரண்டு மூன்று டைவில் எடுத்து, வருவதில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் அதுவும் போதாது, இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த எண் கையில் வந்ததும் ஒரு விஷயம் புரியும். 18 மீட்டரில் முதல் டைவுக்கு அட்டவணை 56 நிமிடம் தருகிறது, உங்கள் சிலிண்டரோ 38 நிமிடத்தில் போதும் என்கிறது. புது டைவரை முதல் டைவில் மேலே அனுப்புவது காற்றுதான், நைட்ரஜன் இல்லை. இதனால், காற்று தீர்வதற்குள் மேலே வந்துவிட்டால் போதும், மற்றது தானாகச் சரியாக இருக்கும் என்று ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது டைவில் அது எடுபடாது. முந்தின டைவின் மிச்சம் நோ-டெக் நேரத்தைத் தின்றுவிட்டிருக்கும், சிலிண்டரோ புதிதாக 200 பாரில் இருக்கும். போதாததற்கு, பயணத்தின் மூன்றாம் நாளுக்குள் நீங்கள் நிதானமாக மூச்சு விடப் பழகியிருப்பீர்கள், காற்று இன்னும் நீண்ட நேரம் வரும். அந்த டைவுக்குத்தான் ஸ்லேட்டில் நோ-டெக் நேரம் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். படகில் கேக் சாப்பிடும் நேரத்தில் லேப்டாப் கையில் இருக்காது. ஆகவே முந்தின இரவே, இடைவேளை ஒரு மணி நேரம் என்றால் எவ்வளவு, ஒன்றரை என்றால் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

கைடின் கம்ப்யூட்டர் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. அது கைடு எங்கே இருந்தார் என்பதை அளக்கிறது. அவர் மேலே நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் அவருக்கு மூன்று மீட்டர் கீழே கல்லிடுக்கில் நட்சத்திர மீனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். காலையில் அவர் டைவ் போகாமல் இருந்திருக்கலாம், நீங்கள் போயிருப்பீர்கள். கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று, அதில் பங்கு கிடையாது.

வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் முதல் நாள் முதல் டைவிலிருந்தே எடுங்கள். இரண்டாம் நாள் பாதியில் கட்டினால் முந்தினது எதுவும் அதற்குத் தெரியாது. மூன்று நாளும் அதே கருவியைத் தரச் சொல்லிக் கேளுங்கள், இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் உங்கள் கணக்கு அந்தக் கருவிக்குள்தான் இருக்கிறது. கடைக்காரர் தினம் காலையில் கூடையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தால், நேற்றைக்கு வேறொருவர் போன டைவின் மிச்சத்தோடு நீங்கள் இறங்குவீர்கள். திருப்பித் தருவதற்கு முன் அதிலுள்ள பதிவுகளை லேப்டாப்புக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஒயர் இல்லையென்றால் சராசரி ஆழத்தையாவது பார்த்து எழுதுங்கள். மேலே போட்ட காற்றுக் கணக்குக்கு அந்த ஒரு எண் பொன் மாதிரி.

பதிவில் வேறு என்ன எழுதுவது என்றும் ஒரு வார்த்தை. புது டைவருக்குப் பதிவின் பெரிய பயன், எத்தனை கிலோ ஈயம் கட்டினோம் என்பதுதான். உடையின் தடிமன், சிலிண்டர் வகை, ஈயம், கடைசியில் 5 மீட்டரில் 50 பாரோடு நிற்க முடிந்ததா, மேலே இழுத்ததா. அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை, அது தீரத் தீர நீங்கள் மிதக்க ஆரம்பிப்பீர்கள். இறங்கும்போது சரியாக இருந்த ஈயம் சேஃப்டி ஸ்டாப்பில் பத்தாமல் போவது இதனால். சப்சர்ஃபேஸில் எடைக்குத் தனி இடமே இருக்கிறது. அதை நிரப்பி வைத்தால், அடுத்த பயணத்தில் படகில் ஏறியதும் "எத்தனை கிலோ?" என்று கேட்பவருக்கு யோசிக்காமல் பதில் சொல்லலாம்.

திரும்பும் விமானத்துக்கும் இதே பதிவுதான் ஆதாரம். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி, ஒரே ஒரு நோ-டெக் டைவ் என்றால் பறப்பதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ், பல நாள் என்றால் 18. கடைசி டைவ் முடிந்து காலை 11 மணிக்கு மேலே வந்தால், மறுநாள் காலை 5 மணிக்குப் பிறகுதான் விமானம். நான் என் மாணவர்களுக்கு முழு ஒரு நாள் என்றே சொல்வேன். கருவியில்லாமல் போனவர்களுக்கு அதைவிடக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஹாவ்லாக்கிலிருந்து கப்பலில் திரும்பி, போர்ட் பிளேயரில் ஒரு மாலை சுற்றிப் பாருங்கள்.

இனி ஹெர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. கிடப்பது சுமார் 53 மீட்டரில். உல்லாச டைவிங்கின் எல்லை 40 மீட்டர், உங்கள் அட்டையின் எல்லை 18. சப்சர்ஃபேஸில் 53 என்று தட்டினால், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அழகான பட்டியல் வந்துவிடும். திறமையும் பயிற்சியும் இருக்கிறதா என்று அது கேட்காது. பயிற்சி இல்லாதவர்களுக்கு இது இல்லை என்று கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மென்பொருளில் திட்டம் போட்டு, கணக்குப் போடும் கம்ப்யூட்டர் இல்லாமல் இறங்கும் பழக்கம் உண்மையில் உல்லாச டைவிங்கின் எல்லையைத் தாண்டி இறங்கும் டெக்னிக்கல் டைவர்களிடம்தான் வேர் விட்டது. அவர்கள் கையில் ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் பாட்டம் டைமர், ஸ்லேட்டில் முந்தின இரவு போட்ட திட்டம். ஒன்று இல்லை, பல: திட்டமிட்டபடி ஒன்று, மூன்று மீட்டர் ஆழம் கூடினால் ஒன்று, ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்று, காற்று பாதியில் போனால் ஒன்று. சொன்ன ஆழத்தில் சொன்ன நிமிடத்துக்கு நிற்கப் பல வருடம் பழகியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு துண்டை மட்டும் நீங்கள் இப்போதே எடுத்துக்கொள்ளலாம்: பிப்ரவரியில் ஸ்லேட்டில் 18 மீட்டருக்கு ஒரு வரி எழுதும்போது, அதற்குக் கீழே 20க்கும் 22க்கும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவ்வளவு ஆழம் போவதற்காக இல்லை. சிவப்பு முள் 18ஐத் தாண்டி நின்றிருப்பதைப் பார்த்தால், தண்ணீருக்குள் மனக்கணக்குப் போடாமல் அடுத்த வரிக்குக் கண்ணை நகர்த்துவதற்காக.

மட்டக்களப்புக்குப் போக ஆசை என்றால் ஹெர்மிஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே நாள் அதே தாக்குதலில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் ஏறக்குறைய 25 மீட்டரில் கிடக்கிறது. அட்வான்ஸ்ட் என்ற அடுத்த நிலைப் பயிற்சியை முடித்துவிட்டு, கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு போய் வாருங்கள்.